வெடித் தகடும் ஒரு திருச்சித் தேங்காயும்

புனே மெட்ரோ நிலையத்தின் சோதனை மேசையில் என் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். உள்ளே இரண்டு சுடிதார், ஒரு பொட்டலம் கைமுறுக்கு, குடுமியோடு ஒரு தேங்காய், பிடி தேய்ந்த ஒரு சின்னச் சுத்தியல். சோதனை செய்த பெண் சுத்தியலை எடுத்து, “தேங்காய் உடைக்கவா?” என்று இந்தியில் கேட்டாள். “இல்லை, இரும்பைத் தட்டிப் பார்க்க” என்றேன். என் இந்தி அதற்கு மேல் ஓடாது. தேங்காய் உள்ளே போகலாம், சுத்தியல் போகக்கூடாது, இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் என்றாள்.

அந்தச் சுத்தியலை விட்டுப் போவதா? பையை மூடிக்கொண்டு வெளியே வந்து, லோக்கல் ரயிலைப் பிடித்தேன். பெண்கள் பெட்டியில் நிற்கத்தான் இடம் இருந்தது. தாபோடியில் இறங்க வேண்டும். கதவருகே உட்கார்ந்து வெந்தயக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஓர் அம்மாளைத் தாண்டி நான் வாசலுக்கு வருவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அடுத்த நிலையத்தில் இறங்கி, கொட்டும் மழையில் ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்தேன். திருச்சியில் இப்படிப் பெய்தால் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிடுவார்கள். இங்கே யாரும் குடையைக்கூட அவசரமாக விரிக்கவில்லை.

நான் வந்தது ஒரு தகட்டுக்காக. திருச்சி துவாக்குடியில் எனக்கும் என் கணவருக்கும் ஒரு பட்டறை இருக்கிறது. இத்தனை வருடமாகச் சரக்குக் கொட்டும் ஹாப்பர், குழாய்த் தாங்கி, படிக்கட்டுக் கைப்பிடி என்றுதான் செய்துவந்தோம். முதல் முறையாக ஓர் உரத் தொழிற்சாலையிலிருந்து பெரிய வேலை வந்தது. வெப்ப மாற்றி ஒன்றின் முகத் தகடு. மாட்டுவண்டிச் சக்கரத்தைவிடப் பெரிய, கனத்த எஃகு வட்டம். அதன் ஒரு முகம் முழுக்க டைட்டானியம் போர்த்தியிருக்க வேண்டும். உள்ளே ஓடும் அமிலத்தை டைட்டானியம் தாங்கும், அழுத்தத்தை எஃகு தாங்கும்.

இந்த இரண்டையும் சாதாரண வெல்டிங்கில் சேர்க்க முடியாது. உருக்கி ஒட்டினால் ஒட்டிய இடம் பிஸ்கட் போல உடைந்துவிடும். அதனால் வெடி வைத்து ஒட்டுகிறார்கள். எஃகின் மேல் சின்ன இடைவெளி விட்டு டைட்டானியத்தை நிறுத்தி, அதன் முதுகில் வெடிமருந்துத் தூளைப் பரப்பி, ஓர் ஓரத்தில் பற்றவைப்பார்கள். மேல் தகடு கீழ்த் தகட்டின்மீது அறைகிற வேகத்தில் இரண்டின் மேல்தோலும் பீய்ச்சியடித்து வெளியேறிவிடும். சுத்தமான உலோகமும் சுத்தமான உலோகமும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். வெட்டிப் பார்த்தால் ஒட்டிய கோட்டில் கடற்கரை மணலில் இருப்பதுபோல் அலை அலையாக வரி தெரியும். அதை முதன்முதலில் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, அத்தனை பிடித்துவிட்டது.

எஃகை நாங்கள் கடைந்து அனுப்பினோம். வெடித்து ஒட்டுவது புனேயை ஒட்டிய போசரியில் இருக்கும் ஒரு கம்பெனி. முதல் தகட்டில் ஓர் இடம் ஒட்டவில்லை. உங்கள் எஃகு சமதளமாக இல்லை, அதுதான் காரணம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. இன்னொரு தகடும் இப்படி வந்தால் வேலையை வேறு பட்டறைக்கு மாற்றிவிடுவோம் என்று உரத் தொழிற்சாலை சொல்லிவிட்டது. இன்னோர் எஃகு வட்டம் கடைந்து அனுப்பிவிட்டோம், ஆனால் டைட்டானியத் தகடு இன்னும் ஒன்றுதான் கையில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து அடுத்தது வரப் பல மாதம் ஆகும். எங்கள் எஃகு சமதளமாகத்தான் இருந்தது. அளந்தவள் நான். எனக்கு அந்த வேலை வேண்டும், அந்தப் பழியும் போக வேண்டும். அதனால்தான் புறப்பட்டேன். தேங்காய் பட்டறை ஆட்கள் கொடுத்தது. தகடு நல்லபடியாக வந்ததும் புனேயில் ஏதாவது பிள்ளையார் கோயிலில் உடைத்துவிட்டு வரச் சொன்னார்கள்.

தாபோடியில் ஸ்டெல்லாவின் வீட்டில் தங்கினேன். போசரியில் தகடுகளை ஒலி அலை வைத்துச் சோதிப்பதுதான் அவள் தொழில். முதல் தகடு தேறவில்லை என்று எனக்குப் போனில் சொன்னவளும் அவள்தான். அவள் அப்பா ராணுவப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஸ்டெல்லா பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கே. நனைந்துபோய் நின்ற என்னைப் பார்த்ததும், “அரே அக்கா, ஏன் வெளியவே நிக்கிய? உள்ள வாங்க, டவல் தாரேன்” என்றாள். அவள் தமிழில் பாதி நெல்லை, மீதி ரயில்வே ஸ்டேஷனில் கேட்கிற இந்தி.

இரவு அவள் அம்மா மீன் குழம்பும் சோள ரொட்டியும் வைத்தார். மீன் குழம்புக்கு ரொட்டியா என்று முதல் வாய் வரைக்கும்தான் யோசித்தேன்.

மறுநாள் காலை போசரிக்குப் போனோம். வழியில் ஒரு கடையில் மிசள் வாங்கிக் கொடுத்தாள். முளைகட்டிய பயற்றுக் குழம்பின் மேல் மிக்சரைக் கொட்டி, பக்கத்தில் பாவ் ரொட்டி வைத்துத் தருகிறார்கள். எண்ணெய் ஒரு விரற்கடை மிதந்தது. காலை நேரத்தில் இவ்வளவு காரத்தைச் சாப்பிட்டுவிட்டு இந்த ஊர்க்காரர்கள் எப்படி இத்தனை நிதானமாகப் பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கம்பெனியின் பின்கட்டில் எங்கள் முதல் தகடு சுவரில் சாய்ந்து கிடந்தது. விளிம்பில் நாங்கள் குத்திய எண் இருந்தது. அந்த எண்ணிலிருந்து உள்நோக்கி ஒரு முறத்தளவு இடத்தை ஸ்டெல்லா மஞ்சள் சாக்கட்டியால் வளைத்திருந்தாள். சுத்தியலை எடுத்தேன். மற்ற இடமெல்லாம் கணீரென்றது. மஞ்சள் கோட்டுக்குள் தட்டினால் பொத்தென்று கேட்டது.

கம்பெனியின் இன்ஜினியர் குல்கர்ணி வந்தார். மரியாதையான மனிதர், இரண்டு முறை டீ வரவழைத்தார். எங்களுக்குள் ஆங்கிலம்தான். ஆனால் பேச்சில் மட்டும் பிடிகொடுக்கவில்லை.

“வருஷக்கணக்கா இதைத்தான் செய்யறோம் மேடம். எங்க முறையில தப்பு இல்லை.”

“சமதளம் சரியில்லைன்னா மேடு பள்ளம் எங்க வேணும்னாலும் இருக்கும் சார். எண் குத்தின விளிம்புல மட்டும் ஏன்?”

“அது தற்செயல்.”

“சரி. நாளைக்கு வெடிக்கிற இடத்துல தகடு அடுக்கறப்போ நான் பக்கத்துல நிக்கணும்.”

வாடிக்கையாளர்கள் பதுங்கு அறையில்தான் இருக்க வேண்டும் என்றார். வெடிமருந்து வருகிறபோது போய்விடுகிறேன், அதுவரை நிற்பேன் என்றேன். முடியாது என்றார். நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது டீ வந்தபோது சரி என்றார்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் கிளம்பினோம். வெடிக்கும் இடம் ஊருக்கு வெளியே, மலைகளுக்கு நடுவில். ஸ்டெல்லாவின் அம்மா பொஹா கட்டிக் கொடுத்து, “வெறும் வயித்தோட வெடி வைக்கப் போகாதிய” என்று வழியனுப்பினார். அவல் உப்புமாதான், ஆனால் வேர்க்கடலையும் எலுமிச்சையும் சேர்ந்ததும் வேறு ஜாதியாகிவிடுகிறது. தகடுகள் முன்னால் லாரியில் போயிருந்தன. நாங்கள் ஏறிய கம்பெனி ஜீப் கடைசி மண் பாதையில் அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டது. நானும் இறங்கித் தள்ளினேன். பலனில்லை. வயலில் இருந்த ஒரு டிராக்டர்காரர் வந்து, ஜீப்பின் முன்னால் இருந்த இழுவைக் கொக்கியில் சங்கிலியை மாட்டி ஒரே இழுப்பில் வெளியே எடுத்தார். கொக்கி என் கை மணிக்கட்டுப் பருமன் இருந்தது. அவர் எங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை மன்னித்துவிட்டேன்.

மணல் பரப்பிய ஒரு பள்ளம். அதன் நடுவில் எங்கள் எஃகு வட்டம், எண் குத்திய விளிம்பு அவர்கள் வழக்கப்படி கிழக்கே பார்க்க, முகம் கண்ணாடியாக மின்னிக் கிடந்தது. தீட்டித் துடைத்து, வெள்ளைத் துணியில் கறை படியாத அளவுக்குச் சுத்தம் செய்திருந்தார்கள். பார்க்கவே பெருமையாக இருந்தது. குல்கர்ணி சொன்னது பொய்யில்லை, அவர்கள் வேலை சுத்தம்.

வெடிக் குழுவின் தலைவர் பண்டு காக்கா. காக்கா என்றால் மராத்தியில் சித்தப்பா. வெள்ளைத் தொப்பி, நரைத்த மீசை, அதட்டல் இல்லாத குரல். என்னை ‘தாயீ’ என்று கூப்பிட்டார். இங்கே அக்காவுக்கு அதுதான் பெயராம். டைட்டானியத்தை கிரேனில் தூக்கினார்கள். இறக்குவதற்கு முன் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். செருப்பைக் கழற்றினார். எல்லாரும் கழற்றினார்கள். ஊதுபத்தி ஏற்றி மணலில் குத்தினார். பிறகு கிழக்குப் பக்கம் போய்க் குனிந்து, கையிலிருந்த தேங்காயை எஃகின் கிழக்கு விளிம்பில் ஓங்கி அடித்தார்.

தண்ணீர் தகட்டின் மேல் ஒரு கை நீளத்துக்குச் சிதறியது.

“கணபதி பாப்பா மோரயா” என்று எல்லாரும் சொன்னார்கள். என் வாயும் கூடவே சொல்லிவிட்டது. ஒருவர் துணியால் பளபளவென்று துடைத்தார். காக்கா கையசைக்க, கிரேன் இறங்கத் தொடங்கியது.

“நிறுத்துங்க!” என்று தமிழிலேயே கத்தினேன்.

கிரேன் நின்றது. நான் போய் விளிம்பில் விரலை வைத்தேன். பிசுபிசுத்தது. என் வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்து ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். அவள் மோந்து பார்த்தாள். தேங்காய் வாசனை. எண் குத்திய விளிம்பு, அங்கிருந்து உள்நோக்கி, ஒரு முறத்தளவு. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

“போன தடவையும் இங்கதான் உடைச்சாங்களான்னு கேளு.”

அவள் கேட்டாள். “எப்பவும் கிழக்கு விளிம்புலதானாம். இங்க எல்லாம் மணலு, கல்லே கிடையாது. தகடுதான் கெட்டியா இருக்குன்னு சொல்லுதாரு” என்றாள். குல்கர்ணி, மற்ற தகடுகளுக்கும் இப்படித்தான் உடைக்கிறோம், அவை ஒட்டத்தானே செய்தன என்றார். பிறகு அவரே விளிம்பைக் குனிந்து பார்த்துவிட்டு, பெரும்பாலும் அவை சதுரத் தகடுகள், ஓரத்தை வெட்டிப் போட்டுவிடுவோம் என்றார். எங்களுடையது வட்டமாகவே கடைந்து வந்த தகடு. வெட்டிப் போட அதில் ஓரம் இல்லை.

திரும்பத் தீட்டித்தான் ஆக வேண்டும் என்றேன். மேற்கே மலைமேல் மழை கறுத்துக்கொண்டு வந்தது. வெளிச்சம் மங்கினால் வெடிக்க அனுமதி இல்லை. தள்ளிப்போனால் அடுத்த முறை எங்களுக்குக் கிடைப்பது உரத் தொழிற்சாலை கொடுத்த கெடு முடிந்த பிறகுதான். தேங்காய்தான் காரணம் என்று சத்தியம் செய்ய எனக்கும் தைரியம் இல்லை. ஆனால் அந்தப் பிசுபிசுப்பின் மேல் என் கடைசி டைட்டானியத்தை இறக்க மாட்டேன். அது மட்டும் உறுதி.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. பண்டு காக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஸ்டெல்லா அவர் சொன்னதை எனக்குச் சொன்னாள்: “பூஜை செஞ்ச இடத்தைத் தேய்ச்சு அழிச்சா, அது பூஜையே செய்யாத மாதிரியாம். தேங்கா இல்லாம மருந்துல கை வைக்க மாட்டாராம். அவரு டீம்ல இதுவரைக்கும் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்லையாம். அந்த ஜிம்மேதாரி, அதான் பொறுப்பு, அவருதுதானாம்.”

குல்கர்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அந்த மனிதர் சொல்வது எனக்குப் புரிந்தது. எங்கள் பட்டறையில் சூடம் காட்டாமல் ஒரு புது இயந்திரத்துக்கும் கரண்ட் கொடுத்ததில்லை. ஒரு தடவை அவசரத்தில் நான் வேண்டாம் என்றதற்கு, எங்கள் ஃபோர்மேன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நாளெல்லாம் பேசவில்லை.

“பூஜை வேணாம்னு சொல்லலை காக்கா. இடத்தை மாத்திக்குவோம்” என்றேன். ஸ்டெல்லா மராத்தியில் சொன்னாள்.

“எங்கே? இங்கே கல் இல்லை. இன்னொரு தேங்காயும் இல்லை” என்றார் அவர்.

ஜீப்பில் இருந்த பையை எடுத்து வந்து திருச்சித் தேங்காயை அவர் கையில் கொடுத்தேன். குடுமியைத் தடவிப் பார்த்தார். பிறகு ஜீப்பை இங்கே ஓட்டிவந்து, முகம் கிழக்கே பார்க்க நிறுத்தச் சொன்னேன். இழுவைக் கொக்கியைக் காட்டினேன்.

காக்கா கொக்கியைப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார். தகட்டிலிருந்து கொக்கி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்தார். அவர் மீசைக்குள் சிரிப்பது எனக்குத் தெரிந்தது. “முதல்ல தீட்டுங்க. அப்புறம் உடைக்கிறேன்” என்றார்.

ஜெனரேட்டர் இருந்தது, கை கிரைண்டர் ஒன்று இருந்தது. அதை நானே வாங்கிக்கொண்டேன். எத்தனை வருடமாகப் பிடித்த கை. குல்கர்ணி தடுக்கப் பார்த்து, பிறகு அவரே பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்து என்னிடம் நீட்டினார். மழை தூறத் தொடங்கியது. குழு மொத்தமும் தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றது. ஒருவர் கை வலித்தால் அடுத்தவர் மாற்றினார். தீட்டி, தின்னர் ஊற்றித் துடைத்து, மறுபடி தீட்டினேன். கடைசியில் வெள்ளைத் துணி வெள்ளையாகவே வந்தது. ஸ்டெல்லா அதையும் மோந்து பார்த்தாள். “கிளீன் அக்கா” என்றாள்.

கொக்கியில் தேங்காய் ஒரே அடியில் உடைந்தது. மறுபடி எல்லாரும் கணபதி பாப்பாவைக் கூப்பிட்டார்கள். டைட்டானியம் இறங்கியது. மருந்து வண்டி வந்ததும் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் பதுங்கு அறைக்குப் போனேன். வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது.

சங்கு ஊதியது. தீபாவளி வெடி மாதிரி இருக்கும் என்று காதைப் பொத்திக்கொண்டேன். முதலில் உள்ளங்காலில் அடித்தது. பிறகு நெஞ்சில். சத்தம் அதற்கும் பிறகுதான் வந்தது, மலை அதை வாங்கித் திருப்பி அனுப்பியது. எனக்கு அழுகை வந்தது. பயமா, நம்பிக்கையா என்று அப்போது தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

புகை அடங்கியதும் போனோம். தகடு மணலுக்குள் புதைந்து, ஓரம் லேசாகத் தூக்கிய தோசைபோலக் கிடந்தது. அதை அழுத்தி நேராக்கிவிடுவார்கள். தொட முடியாத சூடு. “நாளைக்கு போசரியில செக் பண்ணுவோம். இப்ப டென்ஷன் எடுக்காதிய” என்றாள் ஸ்டெல்லா. திரும்பும் வழியில் குழு எங்களுக்குச் சுடச்சுட பாக்கரி என்கிற சோள ரொட்டியும் பூண்டுச் சட்னியும் கொடுத்தது, கூடவே கொக்கித் தேங்காயில் ஆளுக்கு ஒரு சில்லு. நான் சாப்பிட்டேன் என்பதுதான் நினைவிருக்கிறது, ருசி நினைவில்லை.

மறுநாள் தகடு கம்பெனிக் கொட்டகையில் இருந்தது. ஸ்டெல்லா அதன்மேல் பசையைத் தடவி, கருவியின் முனையை நகர்த்தத் தொடங்கினாள். வேலை என்று வந்துவிட்டால் அவள் யாருக்கும் தங்கை இல்லை. என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள். நடுவிலிருந்து ஆரம்பித்து வட்டம் வட்டமாக வெளியே வந்தாள். குல்கர்ணி டீ வரவழைக்கவே மறந்துவிட்டார். பண்டு காக்கா வாசலருகே நின்றார். எண் குத்திய விளிம்புக்கு வந்ததும் ஸ்டெல்லா நிறுத்தினாள். துடைத்தாள், புதிதாகப் பசை தடவினாள், அந்த முறத்தளவு இடத்தை ஒரு முறை குறுக்கே, ஒரு முறை நெடுக்கே போனாள். பிறகு மஞ்சள் சாக்கட்டியைப் பையிலிருந்து எடுத்தாள்.

அவள் சாக்கட்டியை என் கையில் கொடுத்தாள். “உங்க ஊருக்கு எடுத்துட்டுப் போங்கக்கா. இங்க வட்டம் போட ஒண்ணும் இல்ல” என்றாள்.

சுத்தியலால் நானும் தட்டினேன். அந்த இடத்தில் மூன்று முறை, நான்கு முறை, வேண்டும் என்றே இன்னும் பல முறை. கணீர். குல்கர்ணி என் அருகே வந்து, “உங்க எஃகு சமதளமாத்தான் இருந்தது மேடம். உரத் தொழிற்சாலைக்கு அதை நானே எழுதறேன்” என்றார். மரியாதையான மனிதர் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா.

அப்போது பண்டு காக்கா முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த கையை வெளியே எடுத்தார். போசரிச் சந்தையில் வாங்கிய புதுத் தேங்காய். என் தேங்காய்க்குப் பதிலாம். தகட்டைத் திரும்பிப் பார்த்தார், வாசலில் நின்ற ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, “தாயீ, இப்ப எங்கே?” என்று கேட்டார்.

தேங்காயை வாங்கிக்கொண்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு, தகட்டின் கிழக்கு விளிம்பில், எண் குத்தியிருந்த அதே இடத்தில் ஓங்கி அடித்தேன். தேங்காய் இரண்டாகப் பிளந்து, தண்ணீர் டைட்டானியத்தின் மேல் வழிந்து ஓடியது. யாரும் துடைக்கவில்லை.